சுனாமி எச்சரிக்கை வந்தால் கட்டுமாவடி என்ன செய்யும்? நமதூர் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை 6.29 மணிக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு மேற்கே கடலடியில் பூமி பிளந்தது. ரிக்டர் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் அளவில் அது 9.1. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலின் தரை அசைந்தது. அங்கிருந்து கிளம்பிய அலைகள் தமிழகக் கரையைத் தொட்டபோது மணி சுமார் 9. இடையில் கிடைத்தது இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில் நாகப்பட்டினத்தில் மீனவர்கள் வலை உலர்த்திக் கொண்டிருந்தார்கள், வேளாங்கண்ணியில் யாத்ரீகர்கள் கடலில் குளித்துக் கொண்டிருந்தார்கள், சென்னை மெரினாவில் பிள்ளைகள் விளையாடிக் கொண்டிருந்தார்கள். செய்தி யாருக்கும் போய்ச் சேரவில்லை. தமிழகத்தில் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். அதில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்று உயிரிழந்தவர்கள் அரசுக் கணக்கில் 15 பேர். வடக்கே சில மணி நேரப் பயணத் தொலைவில் ஆயிரக்கணக்கானோர் போன அதே காலையில் நம் பகுதியில் இழப்பு இவ்வளவோடு நின்றது. "நம்ம கடலுக்கு சுனாமி வராது" என்ற பேச்சு நமதூரில் அன்று முதல் நிலைத்துவிட்டது. இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எங்கே ஆபத்து ஒளிந்திருக்கிறது, எச்சரிக்கை எப்படி உருவாகிறது, அது வீடு வரை வர நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

நம்மைக் காத்தது எது?

கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் ஆகிய ஊர்கள் பாக் நீரிணைப் பகுதியில் உள்ளன. நமக்கு எதிரே இலங்கை இருக்கிறது. வடக்கே கோடியக்கரை முனை கடலுக்குள் நீட்டிக் கொண்டிருக்கிறது. வங்காள விரிகுடாவின் திறந்த கடலிலிருந்து வந்த அலை இலங்கையின் கிழக்குக் கரையில் முழு வேகத்தில் மோதியது. நாகை, கடலூர் கரைகளும் அப்படியே நேரடியாக அடி வாங்கின. நம் பக்கம் வந்தது முனையைச் சுற்றி வளைந்து, வலு குறைந்து உள்ளே நுழைந்த தண்ணீர்தான்.

இரண்டாவது காரணம் ஆழமின்மை. சுனாமி அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், அதாவது விமானத்தின் வேகம். 10 மீட்டர் ஆழத்தில் அதே அலை மணிக்கு 35 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். பாக் நீரிணையின் பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கிறது. அதனால் அலை மெதுவாக வந்தது, சேற்றுத் தரையில் உராய்ந்து வலு இழந்தது.

ஆக, 2004-ல் நம்மைக் காத்தது இருப்பிடம். நம்மிடம் அன்று எச்சரிக்கைக் கருவியும் இல்லை, பயிற்சியும் இல்லை. இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

மறைவில் இருப்பது முழுப் பாதுகாப்பு அல்ல

அதே நாளில் கேரளக் கரையில் என்ன நடந்தது என்று பாருங்கள். சுமத்ராவுக்கும் கேரளாவுக்கும் இடையே இலங்கையும் இந்தியாவின் தென்முனையும் நிற்கின்றன. ஆனாலும் அலை இலங்கையைச் சுற்றி வளைந்து கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கியது. அங்கே சுமார் 800 பேர் இறந்தார்கள். பிறகு கொல்லம் மாவட்டத்தின் ஆலப்பாடு கிராமத்துக்குள் புகுந்தது. கேரளாவில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சுனாமி நேர்கோட்டில் மட்டும் போகும் அலை அல்ல. தீவைச் சுற்றி வளையும், வளைகுடாவுக்குள் எதிரொலிக்கும், பல மணி நேரம் திரும்பத் திரும்ப வரும்.

இன்னொரு விஷயம் நமதூருக்கு மிக முக்கியம். சுனாமியின் வேகத்தைக் குறைக்கும் அதே ஆழமற்ற கடல், புயல் வரும்போது எதிரியாக மாறும். புயல் காற்று தண்ணீரைக் கரையை நோக்கித் தள்ளும்போது, ஆழமான கடலில் அந்த நீர் அடியில் திரும்பிப் போய்விடும். ஆழமில்லாத கடலில் திரும்பிப் போக இடமில்லை, எனவே நீர் மேலே ஏறும். 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் தனுஷ்கோடியை அழித்தது இந்தக் கடல் ஏற்றம்தான். பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் அப்படியே கடலுக்குள் போனது. அந்த ஊர் இன்று வரை எழவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் நம் மாவட்டத்தில் தென்னைகளையும் மின்கம்பங்களையும் எப்படிச் சாய்த்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

எனவே இங்கே சொல்லப்படும் ஏற்பாடுகளைச் சுனாமிக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். எச்சரிக்கை வீடு வரை வருவது, மேற்கே போகும் வழி தெரிந்திருப்பது, பை தயாராக இருப்பது ஆகிய மூன்றும் இரண்டு ஆபத்துக்கும் பொது. சுனாமி தலைமுறைக்கு ஒருமுறை வரலாம். புயல் எந்த ஐப்பசி, கார்த்திகையிலும் வரும்.

ஹைதராபாத்தில் ஒலிக்கும் மணி

2004-ல் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே கிடையாது. அதன் பிறகு மத்திய அரசு ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையத்தை அமைத்தது. 2007 அக்டோபரில் அது செயல்படத் தொடங்கியது. சுருக்கமாக 'இன்காய்ஸ்' என்று அழைக்கப்படும் இந்த மையம் இரவு பகல் பாராமல் 24 மணி நேரமும் இயங்குகிறது. இந்தியாவுக்கு மட்டுமின்றி, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மையங்களோடு சேர்ந்து இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கும் தகவல் தருகிறது.

அது வேலை செய்யும் முறை மூன்று படிகள் கொண்டது.

முதல் படி: நிலநடுக்கமானிகள். பூமிக்குள் செல்லும் அதிர்வு சுனாமி அலையைவிடப் பல மடங்கு வேகமானது. எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு பெரிய நடுக்கம் என்பதைக் கணினி சில நிமிடங்களில் கணக்கிடும். நடுக்கம் ஏற்பட்டுச் சுமார் 10 நிமிடங்களில் முதல் அறிவிப்பு வெளியாகும்.

இரண்டாம் படி: கடலடி அழுத்தமானிகள். பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் தரையில் வைக்கப்பட்ட கருவி, தலைக்கு மேலே உள்ள தண்ணீரின் எடை மாறுவதை உணரும். கடல் மட்டம் ஓரிரு சென்டிமீட்டர் உயர்ந்தாலும் அதற்குத் தெரியும். ஒலி அலை மூலம் மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும், மிதவை செயற்கைக்கோள் வழியாக ஹைதராபாத்துக்குச் சொல்லும்.

மூன்றாம் படி: துறைமுகங்களில் உள்ள கடல் மட்ட அளவிகள். அலை உண்மையில் எவ்வளவு உயரத்தில் வந்தது என்பதை இவை உறுதி செய்யும்.

நடுக்கம் வந்தாலே சுனாமி வரும் என்று பொருள் இல்லை. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2.08 மணிக்கு அதே சுமத்ரா பகுதியில் 8.6 அளவில் பெரும் நடுக்கம் ஏற்பட்டது. சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். கரையோரம் எங்கும் எச்சரிக்கை. ஆனால் வந்தது மிகச் சிறிய அலை. காரணம், 2004-ல் கடல் தரை மேலே தூக்கப்பட்டது, அதனால் அதன் மேலிருந்த தண்ணீரும் தூக்கப்பட்டது. 2012-ல் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, தண்ணீரை அதிகம் தூக்கவில்லை. இந்த வேறுபாடு முழுமையாகத் தெரிய, அலையை அளந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். எனவே முதலில் எச்சரிக்கை வரும், பிறகு திரும்பப் பெறப்படலாம். "போன தடவை ஒன்றும் வரவில்லையே" என்று அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்வதுதான் பெரிய ஆபத்து.

அறிவிப்பு மூன்று நிலைகளில் வரும். முதல் நிலை 'கண்காணிப்பு': உடனடியாக எங்கும் போக வேண்டியதில்லை, அடுத்த செய்தியைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது 'உஷார் நிலை': கடற்கரையையும் படகுத்துறையையும் விட்டு விலக வேண்டும். மூன்றாவது 'எச்சரிக்கை': கரையோரக் குடியிருப்புகளை விட்டு உள்நாட்டுக்குப் போக வேண்டும்.

கடைசி ஒரு கிலோமீட்டர்

ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்துக்கும் செய்தி நிமிடங்களில் வந்துவிடும். அங்கிருந்து கடற்கரைத் தெருவில் தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியின் காதுக்குப் போவதுதான் கடினம். உலகம் முழுக்க எச்சரிக்கை அமைப்புகள் தோற்பது இந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான்.

இதற்கு நம் கண்முன் உள்ள சிறந்த உதாரணம் புதுச்சேரிப் பகுதியின் நல்லவாடு மீனவக் கிராமம். 2004-ல் அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்து கொண்டிருந்தார். செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து எச்சரித்தார். அந்த ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. கடல் நிலவரத்தையும் வானிலையையும் மீனவர்களுக்குச் சொல்வதற்காக வைக்கப்பட்டது அது. உடனே அதில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஊர் மக்கள் பிழைத்தார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, ஒலிபெருக்கி வழக்கமாகப் பயன்பாட்டில் இருந்தது. அது வேலை செய்யும் நிலையில் இருந்தது, அதன் குரலை மக்கள் நம்பினார்கள். இரண்டு, செய்தி வெளிநாட்டிலிருந்து வந்தது. நமதூரில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் ஆள் இல்லாத தெரு இல்லை. நமக்கு முன்பே விழித்திருக்கும் ஊர்களில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தொடர்பைத் திட்டமிட்டுப் பயன்படுத்தினால் அதுவும் ஓர் எச்சரிக்கைக் கருவிதான்.

நமதூரில் பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான் எல்லோரும் நம்பும் குரல். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் அப்படியே. ஆனால் கஜா நேரத்தில் பார்த்தோம், மின்சாரம் போனால் ஒலிபெருக்கியும் ஊமை. எனவே ஜமாஅத் நிர்வாகங்கள் கவனிக்க வேண்டியவை:

1. ஒலிபெருக்கிக்கு பேட்டரி இணைப்பு அல்லது தயார் நிலையில் ஜெனரேட்டர். கையில் பிடிக்கும் மெகாபோன் இரண்டு.

2. எச்சரிக்கை அறிவிப்பை முன்கூட்டியே எழுதி மைக் அருகே ஒட்டி வைப்பது. பதற்றத்தில் வார்த்தை வராது. என்ன ஆபத்து, எப்போது, எந்தத் திசையில் போக வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.

3. அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை முடிவு செய்வது. முஅத்தின் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அறிவிக்கும் முன் ஆட்சியர் கட்டுப்பாட்டு அறையிலோ அரசு அறிவிப்பிலோ உறுதி செய்வது அவசியம். வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவை நம்பி ஊரைக் கிளப்பக் கூடாது.

4. பக்கத்து மீனவக் குப்பங்களுடன் தொடர்பு. மதம் பார்த்து அலை வருவதில்லை. 2004-ல் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு முதல் நாளிலிருந்தே உணவும் தங்குமிடமும் தந்தது இன்றும் பேசப்படுகிறது. அந்த உறவு ஆபத்துக்கு முன்பே இருக்க வேண்டும்.

எந்தத் திசையில் போவது?

கிழக்குக் கடற்கரைச் சாலை கடலுக்கு இணையாகப் போகிறது. அவசரத்தில் வண்டியை எடுப்பவர்கள் பழக்கத்தில் அந்தச் சாலையிலேயே மணமேல்குடி பக்கமோ சேதுபாவாசத்திரம் பக்கமோ போவார்கள். அது கடலை விட்டு விலகும் வழி அல்ல. நாம் போக வேண்டியது மேற்கே. சாலையைக் கடந்து அறந்தாங்கி சாலையிலும் உள்நாட்டுக் கிராமச் சாலைகளிலும் போக வேண்டும். ஆற்று முகத்துவாரம், வாய்க்கால் ஓரம் வழியாகப் போகக் கூடாது. சுனாமி நீர் நிலத்தைவிட ஆறு, வாய்க்கால் வழியாகத்தான் வெகுதூரம் உள்ளே ஏறும்.

முடிந்தவரை நடந்து போவது நல்லது. எல்லோரும் கார் எடுத்தால் முதல் வளைவிலேயே நெரிசல். வண்டிகள் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும். நேரமே இல்லை என்றால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் இரண்டாம் மாடி அல்லது மொட்டை மாடி கடைசி வழி. ஓட்டு வீடும் மண் சுவரும் உதவாது.

முதல் அலை போனதும் திரும்பக் கூடாது. இலங்கையின் பெரலியவில் முதல் அலைக்குப் பயந்த மக்கள், நின்றிருந்த ரயிலில் ஏறித் தஞ்சம் புகுந்தார்கள். அடுத்து வந்த பெரிய அலை ரயிலையே புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே இடத்தில் மாண்டார்கள். கடல் திடீரென உள்வாங்கினால் மீன் பொறுக்கப் போகாமல் ஓட வேண்டும். ஆனால் எல்லாச் சுனாமிக்கும் முன் கடல் உள்வாங்கும் என்று காத்திருக்கவும் கூடாது. நாம் சுமத்ராவிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால் நடுக்கமே உணராமலும் அலை வரலாம். அதனால்தான் நமக்கு அரசு அறிவிப்பு இவ்வளவு முக்கியம்.

கடலில் இருக்கும் படகுகள் எச்சரிக்கை நேரத்தில் கரைக்குத் திரும்பக் கூடாது. கரை ஓரத்தில்தான் அலை உயரும், படகுகள் ஒன்றோடொன்று மோதும். கடலோரக் காவல் படையின் அறிவுறுத்தலைக் கேட்டு, அனுமதி வந்த பின் திரும்ப வேண்டும்.

சுவர் கட்டினால் போதுமா?

பெரும் நடுக்கத்தையும் சுனாமியையும் பொறியியலால் எதிர்கொள்வதில் ஜப்பானை மிஞ்சிய நாடு இல்லை. 2011 மார்ச் 11 அன்று அங்கே 9-க்கு மேற்பட்ட அளவில் நடுக்கம். தானியங்கி அமைப்பு புல்லட் ரயில்களுக்கு உடனே பிரேக் போட்டது. பயணிகளோடு ஓடிக் கொண்டிருந்த எந்தப் புல்லட் ரயிலும் தடம் புரளவில்லை. டோக்கியோவின் உயரமான கட்டடங்கள் மரம் போல ஆடின, விழவில்லை.

ஆனால் கடலோரத்தில் கதை வேறு. தாரோ என்ற ஊரில் 10 மீட்டர் உயரச் சுவர் இருந்தது. அலை அதைத் தாண்டியது. ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் வந்த அலை, வடிவமைப்பில் கணக்கிட்டதைவிட இருமடங்குக்கும் மேல் உயரம். கீழ்த்தளத்தில் இருந்த அவசர ஜெனரேட்டர்கள் மூழ்கின, உலைகளைக் குளிர்விக்க வழியில்லாமல் போனது. நடுக்கத்தின் மையத்துக்கு இன்னும் அருகில் இருந்த ஒனகாவா அணுமின் நிலையம் தப்பியது. அதைக் கட்டியபோது ஒரு பொறியாளர் பிடிவாதமாக நின்று, தரைமட்டத்தைக் கிட்டத்தட்ட 15 மீட்டர் உயரத்தில் வைக்கச் செய்திருந்தார். ஃபுதாய் என்ற சிறு கிராமத்தில் முன்னாள் தலைவர் ஒருவர் "இவ்வளவு உயரம் எதற்கு, வீண் செலவு" என்ற ஏச்சைத் தாங்கி 15.5 மீட்டர் உயரத்தில் மதகு கட்டினார். 2011-ல் அந்த மதகுக்குப் பின்னால் இருந்த ஊர் பிழைத்தது.

நம் நாட்டில் கல்பாக்கம் அணுமின் நிலையம் 2004-ல் கடல் நீர் பம்ப் அறைக்குள் புகுந்தபோது பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

ஜப்பான் இதிலிருந்து எடுத்த முடிவு தெளிவானது. அடிக்கடி வரும் சிறிய சுனாமிகளைச் சுவர் தடுக்கட்டும், மிகப் பெரியவை வந்தால் மனிதர்கள் ஓட வேண்டும். கமாயிஷி நகரில் பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற பள்ளிப் பிள்ளைகள், பெரியவர்கள் சொல்லும் வரை காத்திராமல், சிறிய பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். அந்நகரின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் சுமார் 3,000 மாணவர்களில் மிகச் சிலர் தவிர அனைவரும் பிழைத்தார்கள்.

இன்னும் எளிய உதாரணம், சுமத்ராவுக்கு அருகில் உள்ள சிமலூ தீவு. முஸ்லிம்கள் வாழும் அந்தத் தீவில் 1907-ல் சுனாமி வந்தது. "பூமி பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு" என்பதைத் தாலாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர். 2004-ல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்தத் தீவில் உயிரிழந்தவர்கள் ஏழு பேர். பக்கத்தில் உள்ள ஆச்சேயிலோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கருவி எதுவும் இல்லாமல், நன்னிமார் சொன்ன கதை செய்த வேலை இது.

ஆச்சேயில் சுற்றிலும் எல்லாம் தரைமட்டமாகிப் பள்ளிவாசல்கள் மட்டும் நிற்கும் படங்களை நாம் பார்த்திருக்கிறோம். பொறியாளர்கள் அதற்குச் சொல்லும் காரணம் நமக்குப் பயன்படும். பருத்த தூண்கள், அகலமாகத் திறந்த கீழ்த்தளம். தண்ணீர் சுவரில் மோதாமல் தூண்களுக்கு இடையே பாய்ந்து போக வழி இருந்தது.

வீடு கட்டுபவர்கள் கவனத்துக்கு

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2002-ம் ஆண்டு நிலநடுக்க வரைபடத்தில் சென்னை மூன்றாம் மண்டலத்திலும் நம் மாவட்டம் ஆபத்து குறைந்த இரண்டாம் மண்டலத்திலும் வைக்கப்பட்டன. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. 2001 ஜனவரி 26 குஜராத் பூஜ் நடுக்கத்தில் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பலவற்றின் கீழ்த்தளம் வாகன நிறுத்தத்துக்காகச் சுவரின்றி வெறும் தூண்களில் நின்றது.

தண்ணீர் பாய வழிவிடும் திறந்த கீழ்த்தளம், தூண்கள் மெலிந்திருந்தால் நடுக்கத்தில் முதலில் மடங்கும். வெளிநாட்டில் உழைத்த பணத்தில் வீடு எழுப்பும் குடும்பங்கள், கீழே கடை, மேலே வீடு என்று கட்டும்போது பொறியாளரிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். மேஸ்திரியின் அனுபவம் மட்டும் போதாது. கவனிக்க வேண்டியவை:

• பில்லர் கம்பியைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனை, செங்கோணமாக நில்லாமல், 135 டிகிரி உள்நோக்கி வளைந்திருக்க வேண்டும். செங்கோணத்தில் விட்டால் ஆட்டத்தில் ரிங் திறந்துவிடும். பில்லரும் பீமும் சேரும் இடத்தில் ரிங்குகள் நெருக்கமாக வர வேண்டும்.

• பில்லர் இல்லாத செங்கல் வீட்டில், ஜன்னல் கதவுக்கு மேல் மட்டும் லிண்டல் போட்டு நிறுத்தாமல், எல்லாச் சுவர்களையும் சுற்றி ஒரே பட்டையாகக் கான்கிரீட் ஓட வேண்டும். அரைஞாண் கயிறு போல அது வீட்டைப் பிடித்துக்கொள்ளும்.

• கடல் மணலும் உப்புத் தண்ணீரும் கான்கிரீட்டில் சேரவே கூடாது. உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, கூரையையும் பில்லரையும் உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். கடலோர ஊர்களில் பழைய வீடுகள் பலமிழக்க முதல் காரணம் இதுதான். பில்லர் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கான்கிரீட் மூடியிருக்க, கவர் பிளாக் வைத்துத்தான் கம்பி கட்ட வேண்டும்.

• 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் எடை. மொட்டை மாடித் தொட்டியைப் பில்லருக்கு மேல் வரும் இடத்தில் உறுதியாக அமைக்க வேண்டும்.

• பீரோ, அலமாரியைச் சுவரோடு பிணைக்க வேண்டும். நடுக்கத்தில் பலரைக் காயப்படுத்துவது வீட்டுச் சாமான்கள்தான். நடுங்கும்போது ஓடாமல், உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து தலையைக் காத்து, நின்ற பிறகு வெளியே வர வேண்டும். வந்ததும் கேஸ் சிலிண்டரையும் மெயின் சுவிட்சையும் நிறுத்த வேண்டும்.

ஆண்கள் வெளிநாட்டில், வீட்டில் யார்?

நமதூரின் தனி நிலைமை இது. பல வீடுகளில் அத்தா வளைகுடாவில், வீட்டில் தாயும் பிள்ளைகளும் முதியவர்களும் மட்டும். எனவே பயிற்சி பெண்களுக்கும் மாணவர்களுக்கும்தான் முதலில் சேர வேண்டும். ஆண்கள் கூட்டத்தில் மட்டும் பேசி முடித்தால் பயனில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை தயாராக இருக்கட்டும். அதில் குடிநீர், பிஸ்கட், பேரீச்சம்பழம், ஒரு வாரத்துக்கான சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள், டார்ச், பவர் பேங்க், சிறிய பேட்டரி ரேடியோ, கொஞ்சம் ரொக்கம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், பத்திரம், வங்கிப் புத்தக நகல்கள் தண்ணீர் புகாத உறையில். அவற்றின் படங்களை வெளிநாட்டில் இருப்பவருக்கும் அனுப்பி வைத்துவிட்டால் ஊரில் எல்லாம் நனைந்தாலும் அங்கே ஒரு பிரதி இருக்கும்.

சந்திக்கும் இடம் ஒன்றை முடிவு செய்யுங்கள். பிள்ளை பள்ளியிலோ மதரஸாவிலோ இருக்கும்போது எச்சரிக்கை வந்தால், பெற்றோர் கடலோரம் தேடி வரக் கூடாது, ஆசிரியர்கள் நேரே மேற்கே அழைத்துப் போவார்கள் என்ற ஏற்பாடு முன்பே இருக்க வேண்டும். செல்போன் கோபுரங்கள் திணறும்போது அழைப்பைவிடக் குறுஞ்செய்தி எளிதில் போகும். ஊருக்குள் தொடர்பு கிடைக்காவிட்டால், வெளிநாட்டில் உள்ள ஒருவருக்கு எல்லோரும் "நலம்" என்று செய்தி அனுப்ப, அவர் மற்றவர்களுக்குச் சொல்வார் என்ற ஏற்பாடு பதற்றத்தைக் குறைக்கும்.

அவசர எண்கள்: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, பொது அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, கடலோரக் காவல் படை 1554. வெளிநாட்டிலிருந்து இந்தக் குறுகிய எண்களை அழைக்க முடியாது. ஊரில் உள்ளவர்தான் அழைக்க வேண்டும்.

ஒடிசாவின் இரு கிராமங்கள்

ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி என்ற இரண்டு கடலோரக் கிராமங்களை 2020 ஆகஸ்டில் யுனெஸ்கோவின் கடல்சார் அமைப்பு 'சுனாமிக்குத் தயாரான ஊர்' என்று அங்கீகரித்தது. இந்தியாவில் அந்தப் பெயர் பெற்ற முதல் ஊர்கள் அவை. பெரிய சுவரோ கோடிக்கணக்கான செலவோ அதற்குத் தேவைப்படவில்லை. ஊரில் எது வரை தண்ணீர் வரும் என்ற வரைபடம், வெளியேறும் வழியைக் காட்டும் பலகைகள், 24 மணி நேரமும் எச்சரிக்கையைப் பெறவும் சொல்லவும் ஏற்பாடு, யாரைத் தூக்கிச் செல்ல வேண்டும் என்ற பட்டியல், குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை. இவைதான் அளவுகோலின் சாரம்.

இதில் நமதூரால் செய்ய முடியாதது எது? ஊராட்சி, ஜமாஅத்துகள், மீனவர் சங்கம், பள்ளி ஆசிரியர்கள் ஒன்றாக அமர்ந்தால் தெருவாரியாகப் படுக்கையில் உள்ளோர், தனியாக வாழும் முதியோர் பட்டியலை ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரை அழைத்துப் போகப் பொறுப்பேற்கும் இரண்டு இளைஞர்களின் பெயர் எழுதலாம். வெளிநாடு வாழ் சகோதரர்கள் மெகாபோன், பேட்டரி, வழிகாட்டிப் பலகைச் செலவை ஏற்கலாம். ஐ.நா. அறிவித்துள்ள உலக சுனாமி விழிப்புணர்வு நாள் நவம்பர் 5. நம் பகுதியில் அது புயல் பருவமும் கூட. வருவாய்த் துறை, தீயணைப்புத் துறையின் அனுமதியோடு ஆண்டுதோறும் அந்த நாளை ஒட்டி ஓர் ஒத்திகை நடத்தினால் இரண்டுக்கும் சேர்த்தே ஊர் தயாராகிவிடும்.

முதல் வேலையை இன்றே செய்யலாம். வீட்டில் எல்லோரும் சேர்ந்திருக்கும் நேரத்தில் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எச்சரிக்கை வந்தால் நமக்கு யார் சொல்வார்கள்? எந்த வழியாகப் போவோம்? நம் வீட்டில் நடக்க முடியாதவரை யார் தூக்குவார்கள்? மூன்றுக்கும் வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே பதில் சொன்னால் உங்கள் வீடு தயார்.